சேர்வைக்காரரும் ஐந்து புத்தகங்களும்



கிறிஸ்தவ வழியைத் தெரிந்துகொள்வதையும் வேதவாசிப்பில் வளர்வதையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இந்தப் பொருளில் பேசுகிறவர்கள் வழக்கமாகத் தர்சு பட்டணத்துச் சவுலிடமோ ஹிப்போ நகரத்து அகுஸ்தீனிடமோ போவார்கள். நான் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில், முதலாம் சரபோஜி மன்னரின் காலத்தில், படையில் சேர்வைக்காரராக இருந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் இராஜநாயக்கன். கல்லில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய மன்னர் யாரும் இல்லை. நம் சபைகளிலும் அவர் பெயர் சொல்லப்படுவது அபூர்வம். ஆனால் தஞ்சை மண்ணில் ஒரு மனிதர் வேதத்தை வாசித்து, அதனாலேயே தம் வழியைத் தெரிந்துகொண்டார் என்று சொல்வதானால் முதலில் சொல்ல வேண்டிய பெயர்களில் அவருடையது ஒன்று.

முதலில் புத்தகம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1706 ஜூலை 9ஆம் தேதி பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். இறங்கியவர்களோ ஜெர்மானியர்கள். 1708 அக்டோபரில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச்சில் வேலை முடிந்தது. இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறியும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் ஒரே நூலாக வெளிவந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்த சீகன்பால்கு 1719இல் மறைந்தார். மீதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

இத்தனை பேர் பாடுபட்டு அச்சிட்ட புத்தகம் தஞ்சை அரசின் எல்லைக்குள் எளிதாக வர முடியவில்லை. தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. அதைத் தாண்டினால் மராட்டிய மன்னரின் நாடு. அங்கே ஐரோப்பியப் போதகர்கள் நினைத்தபோது நுழைய முடியாது. போதகர் போக முடியாத இடத்துக்குப் புத்தகம் போயிற்று.

1720களின் நடுவில், அந்த 1714ஆம் ஆண்டு நூல் இரவலாக இராஜநாயக்கனின் கைக்கு வந்தது. அவர் சுமார் 1700இல் பிறந்தவர், பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். புனிதர்களின் வரலாறுகளை ஏற்கெனவே ஆர்வத்தோடு படித்தவர். ஆக, அவர் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்படாதவர் அல்லர். கேள்விப்பட்டதையெல்லாம் எந்த நூலிலிருந்து சொல்கிறார்களோ, அந்த நூலைத் தம் கண்ணால் அதுவரை பார்த்ததில்லை. இரவல் நூலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே! ஓலையை எடுத்து வைத்துக்கொண்டு படியெடுக்கத் தொடங்கினார்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். எழுத்தாணியால் ஓலையில் எழுதுவது எவ்வளவு மெதுவான வேலை என்பதை மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இடது கையில் ஓலை, பெருவிரல் நகத்தின் மேல் எழுத்தாணி, ஒவ்வொரு எழுத்தாகக் கீறிக்கொண்டே போக வேண்டும். கண் தாண்டிப் போக நினைத்தாலும் கை தாண்ட விடாது. மத்தேயுவின் தொடக்கத்தில் வருகிற வம்சவரலாற்றை நம்மில் எத்தனை பேர் முழுதாக வாசித்திருக்கிறோம்? படியெடுக்கிறவருக்கு அதிலும் ஒரு பெயர் தப்பக் கூடாது. தாமார், ராகாப், ரூத் என்று அந்தப் பட்டியலில் வரும் பெண்களின் பெயர்களையும் அவர் எழுதித்தான் தீர வேண்டும். மலைப்பிரசங்கத்தைக் காதால் கேட்பது ஒரு நாழிகை. அதை எழுதுவது நாட்கணக்கு. பகைவரை நேசிக்கச் சொல்லும் இடத்தை வாளேந்திய ஒரு சிப்பாய் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அதை எழுதும்போது அவருக்குள் என்ன நடந்தது என்று நமக்குச் சொல்ல யாரும் இல்லை. நடந்ததன் விளைவுதான் தெரிகிறது. தரங்கம்பாடிக்குக் கடிதம் போயிற்று. பதில் வந்தது. 1727இல் அவரே தரங்கம்பாடிக்குப் போனார். அடுத்த ஆண்டில் படைவேலையை விட்டு உபதேசியாரானார்.

அவர் கத்தோலிக்கச் சபையிலிருந்து தரங்கம்பாடிப் புராட்டஸ்டண்டுச் சபைக்கு மாறியதை ஒரு வெற்றிச் செய்தியாகச் சொல்ல நான் இங்கே வரவில்லை. இந்த அரங்கில் கத்தோலிக்க நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். அதே ஆண்டுகளில்தான், ஏலாக்குறிச்சியோடு பெயர் பிணைந்துவிட்ட வீரமாமுனிவர் தேம்பாவணியைப் பாடி முடித்தார். தரங்கம்பாடிக்காரர்களை எதிர்த்து வேத விளக்கமும் எழுதினார். இருபுறமும் தமிழில், இருபுறமும் தீவிரமாக, வேதத்தை முன்வைத்தே வாதாடினார்கள். இன்றைக்கு இரு சபையாரும் கூடி உழைத்த பொது மொழிபெயர்ப்பு 1995இலிருந்து நம் கையில் இருக்கிறது. ஆகையால் இராஜநாயக்கன் எந்தச் சபையிலிருந்து எந்தச் சபைக்குப் போனார் என்பதைவிட, கேட்டு வைத்திருந்த விசுவாசத்திலிருந்து வாசித்து அறிந்த விசுவாசத்துக்குப் போனார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இது பிறவிக் கிறிஸ்தவர்களுக்குத்தான் முதலில் உறைக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது என்பதால் வழியைத் தெரிந்துகொண்டாயிற்று என்று ஆகிவிடாது.

தெரிந்துகொள்வது ஒரே நாளில் முடிகிற காரியமும் அல்ல. விதைப்பவன் உவமையை நம் ஊர் உழவர்கள் வாசிக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். கலிலேயாவில் விதை விழுந்த இடத்திலேயே பயிராகிறது. நம் காவிரிப் பாசனத்தில் அப்படியில்லை. நாற்றங்காலில் விட்டு, முளைத்த நாற்றைப் பறித்து, முடி கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் நடுகிறோம். வேர் அறுபட்ட நாற்று சில நாள் வாடித் தலை தொங்கி நிற்கும். அதைப் பார்த்துப் புது ஆள் பயந்துபோவான், அனுபவப்பட்டவர் பயப்பட மாட்டார். தண்ணீரைக் கட்டிப் பார்த்துக்கொண்டால் பச்சை பிடித்துவிடும். இராஜநாயக்கனுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. உறவினரும் பழைய சபையாரும் கடுமையாக எதிர்த்தார்கள். அரசாங்கச் சேவகத்தை விட்டதோடு அந்த வருமானமும் மரியாதையும் போயின. அந்த நாட்களில் அவரைத் தாங்கியது எது என்று கேட்டால், அவர் தம் கையாலேயே எழுதிப் பதித்துக்கொண்ட வார்த்தைதான் என்று நான் நம்புகிறேன்.

இதே தஞ்சாவூரில் பின்னால் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை இன்னும் நீளம். கோகிலா என்னும் மராட்டியப் பிராமண விதவை, லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியிடம் வேதத்தைக் கற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்த்ஸ் ஐயர் தரவில்லை. மணம் செய்யாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறார் என்பது காரணம். மறுக்கப்பட்ட பிறகும் அந்த அம்மையார் விலகிப் போகவில்லை. அதிகாரி இறந்த பின், 1778இல், பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். 1785இல் அங்கே ஒரு கோயில் கட்டினார். திருநெல்வேலிச் சபையின் முதல் பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. அ. மாதவையா 1915இல் எழுதிய ஆங்கில நாவலுக்கு அவரே நாயகி. சபை கதவை அடைத்த ஆண்டுகளிலும் வேதத்தை மூடி வைக்காமல் இருந்தாரே, அந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் அவருடைய தெரிந்துகொள்ளுதலைக் கணக்கிட வேண்டும்.

சுவார்த்ஸைச் சொன்னதால் இரண்டாம் சரபோஜியையும் சொல்லியாக வேண்டும். சுவார்த்ஸ் 1778இல் தஞ்சையில் குடியேறினார். மறு ஆண்டில் சிவகங்கைத் தோட்டத்தருகே சிறுகோட்டைக்குள் கோயில் எழும்பியது. துளஜா மன்னர் தத்தெடுத்த சிறுவனுக்கு அவரே காப்பாளரும் ஆசானும் ஆனார். சிறுவனுக்கு வேதம் தெரியும், ஆசான்மேல் உயிர். ஆனாலும் சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோர் வழியிலேயே கடைசிவரை நின்றார். ஆசான் மறைந்த பின் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு இங்கிலாந்தில் பளிங்கு நினைவுச்சின்னம் செய்வித்து, அதே கோயிலில் வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கும் காட்சியை அங்கே இன்றும் பார்க்கலாம். சிலர் இதைச் சுவார்த்ஸின் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் வேண்டும் என்பதற்கு மதிப்பு உண்டு. தம் பராமரிப்பில் வளர்ந்த இளவரசனைக்கூட நெருக்காதவரிடம் வந்தவர்கள் தாமாகவே வந்தவர்கள்.

அதே சுவார்த்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேதத்தில் வளர்வது என்றால் என்ன என்பதை நெல் விளைகிற நாட்டில் நெல்லால் காட்டிய நிகழ்ச்சி அது. ஹைதர் அலியின் படையெடுப்பில், 1781 வாக்கில், தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். ஜனங்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். கோட்டைக்கு வெளியே நாட்டில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு தர யாரும் இல்லை. முன்பெல்லாம் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசாங்கத்தின் வாக்கை உழவர்கள் நம்பவில்லை. மன்னர் சுவார்த்ஸின் உதவியை நாடினார். கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்த்ஸ் சொல்லியனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. ஏறக்குறைய 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. பேசியபடி கூலியும் கொடுத்தார். மாடு தந்தவர்களில் அவர் மதத்தைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் என்ன வாசிக்கிறார் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. அப்படி வாசிக்கிறவர் பேச்சு மாற மாட்டார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆக வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

1733 டிசம்பர் 28ஆம் தேதி தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருப்பட்டம் பெற்றார். ஆறுமுகம் என்ற பெயரோடு கடலூரில் பிறந்த வேளாளர். இந்தியாவிலேயே புராட்டஸ்டண்டு சபையில் குருவான முதல் இந்தியர். மாயவரம் பக்கத்துச் சபைகளைப் பார்த்துக்கொண்டார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1741இல், இன்னொரு குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. பதின்மூன்று ஆண்டு உபதேசியார். ஐரோப்பியர் போக முடியாத ஊர்களில் சபைகளைக் கட்டியவர். வேதத்தில் தேர்ந்தவர் என்று மிஷனரிகளாலேயே எழுதப்பட்டவர். ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார்.

இதை அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கடந்துபோகவும் கூடாது. காரணம், இராஜநாயக்கன் இரவல் வாங்கிய ஐந்து புத்தகங்களில் ஐந்தாவது அப்போஸ்தலர் நடபடிகள். அதன் பத்தாம் அதிகாரத்தில் பேதுரு யோப்பா பட்டணத்து மாடியில் ஒரு தரிசனம் காண்கிறார். எந்த மனிதனையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்று கற்றுக்கொண்டு, வேற்றினத்தானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைகிறார். அந்தக் கொர்நேலியு யார்? ஒரு படைத்தலைவன், நூற்றுக்கு அதிபதி! தஞ்சைச் சேர்வைக்காரர் அந்த அதிகாரத்தை எப்படி வாசித்திருப்பார்? தம்மைப் போன்ற ஒரு படைவீரனின் வாசற்படியை ஏறிய அப்போஸ்தலனை அங்கே கண்டிருப்பார். அந்த நூலை மொழிபெயர்த்து, அச்சிட்டு, விநியோகித்த அதே தரங்கம்பாடிச் சபை, அந்த அதிகாரத்தைத் தன் பந்தியில் வாசிக்கவில்லை. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே வேளாளரும் பறையரும் இடைவெளி விட்டுத் தனித்தனியே உட்கார்ந்தார்கள்.

வேதத்தில் ஆழமாக ஊறியவர்கள்கூட இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பதுதான் கூடுதல் வேதனை. வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் சுவார்த்ஸோடு தஞ்சைக்கு வந்தவர். சரபோஜியின் ஆதரவைப் பெற்ற கவிராயர். 1800இல் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி தஞ்சாவூருக்குப் பழக்கமான இலக்கியம். குறத்தி குறி சொல்லும் அந்தக் கூத்துக்குள் வேதத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கொண்டுவந்து வைத்தார். தமிழில் வேதத்தை இவ்வளவு உள்வாங்கிய மனம் இன்னொன்று உண்டா என்று வியக்கிறேன். பாப்ரிசியுஸின் பழைய வேத மொழிபெயர்ப்பை ரேனியுஸ் என்ற மிஷனரி திருத்தியபோது அந்தப் பழைய வாக்குக்காகப் போராடினார். அவ்வளவு அன்பு அந்தச் சொற்களின் மேல்! ஆனால் 1820களில் புதிய மிஷனரிகள் சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து நீக்க முயன்றபோது, அவர் சாதி ஆசாரத்தின் பக்கமே நின்றார். அந்த மிஷனரிகள் தமிழ் இசையையும் அடக்கப் பார்த்தார்கள். அதை அவர் எதிர்த்தது முற்றிலும் நியாயம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதுதான் துயரம். அவர் பாடல்களை நான் நேசிக்கிறேன். அவரோடு இந்த ஒரு காரியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 1864இல் அவர் மறையும்வரை இந்த முடிச்சு அவிழவேயில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். நமக்குப் பிடித்த பகுதிகளை மறுபடியும் மறுபடியும் வாசித்தால் அறிவு பெருகும், பக்தியும் பெருகும். நம் குணம் மாற வேண்டுமானால் நமக்கு எதிராகப் பேசுகிற பகுதிகளிலும் உட்கார வேண்டும். அதுவும் தனியாக அல்ல, அந்தப் பகுதியை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் காரணம் உள்ளவர்களோடு. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்தபோது, வழிகாட்ட ஒருவர் இல்லாமல் எப்படிப் புரியும் என்று பிலிப்புவைக் கேட்டார். நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை வாசிக்க மேல்சாதிச் சபைக்கு இராஜநாயக்கனைவிட நல்ல பிலிப்பு யார் கிடைத்திருப்பார்? பக்கத்திலேயே இருந்தார். கேட்கத்தான் ஆளில்லை.

பட்டம் மறுக்கப்பட்ட பிறகும் இராஜநாயக்கன் போய்விடவில்லை. 1771இல் இறக்கும்வரை, மொத்தம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், ஊர் ஊராக நடந்து, வாசித்துக் காட்டி, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளிகளைப் பார்த்து வந்தார். தரங்கம்பாடி உபதேசியார்களின் அறிக்கைகள் ஹாலேயில் அச்சேறின. அந்தப் பழைய தாள்களில் அவர் பெயர் இருக்கிறது. அவர் தங்கியதை அடிமை மனப்பான்மை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சபை அவருக்குப் பட்டத்தை மறுக்க முடிந்தது. வேதத்தை மறுக்க முடியவில்லை. அது அவருக்குச் சபை கொடுத்த சொத்தும் அல்ல, அவரே எழுதி எடுத்துக்கொண்டது.

இன்றைய நம் வாசிப்பைப் பார்க்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் தட்டில் இருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுக்கிறோம். அந்த ஒரு வசனம் சுவரில் ஓராண்டு தொங்குகிறது. காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு இன்னொரு வசனம் வருகிறது. வியாதிப்பட்ட ஒருவருக்கு அந்த ஒரு வசனம் எவ்வளவு ஆறுதல் என்பதை நான் அறிவேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டைகளில் வருவதெல்லாம் ஆசீர்வாத வசனங்களே. கூலியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் நிலக்காரரை யாக்கோபு கண்டிக்கும் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பண்ணையும் குத்தகையும் கூலிப் போராட்டமும் கண்ட இந்த மாவட்டங்களில் அந்த வசனத்துக்கு வேலை இல்லாமலா போயிற்று? முழுப் புத்தகத்தையும் வாசிக்கிறவர் கண்ணில் அது பட்டே தீரும்.

எனவே ஆயர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இராஜநாயக்கன் வாசித்த அந்த ஐந்து புத்தகங்களில் மத்தேயு 28 அதிகாரம், மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21, நடபடிகள் 28. மொத்தம் 117. நாளுக்கு மூன்று அதிகாரம் வாசித்தால் லெந்து நாட்கள் நாற்பதுக்குள் முடிந்துவிடும். கத்தோலிக்கச் சபையார் தவக்காலம் என்பார்கள், நாட்கள் ஒன்றேதான். வருகிற லெந்தில் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடிச் சபைகளில் இதைச் செய்வோம். கோயிலில் வேண்டாம், வீடுகளில், வாய்விட்டு வாசிப்போம். ஒரு நாள் ஊர்த்தெருவில் ஒரு வீடு என்றால் மறுநாள் காலனியில் ஒரு வீடு. பழைய மொழிபெயர்ப்பு வைத்திருப்பவர் அதில் வாசிக்கட்டும், திருவிவிலியம் வைத்திருப்பவர் அதில் வாசிக்கட்டும். எந்த வீட்டில் வாசிக்கிறோமோ அந்த வீட்டாரே விளக்கம் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்போம். வாசிப்பு முடிந்ததும் அந்த வீட்டில் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்போம். நடபடிகள் பத்தாம் அதிகாரம் வருகிற நாளைக் காலனி வீட்டுக்கு என்று இப்போதே குறித்து வையுங்கள். நாற்பது நாள் முடிந்ததும் எந்தச் சபை எத்தனை வீடுகளில் வாசித்தது, எங்கே யார் வர மறுத்தார்கள் என்று எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டு இதே மேடையில் அதைப் படித்துக் காட்ட இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள்.